எண்ணெய் வைக்காத ஊர்

தலைக்கு எண்ணெய் வைத்து எவ்வளவு நாளாயிற்று அம்மா உங்களுக்கு? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல அடர்த்தியான முடி. நீங்கள் தொப்பியைக் கழற்றியபோது பார்த்தேன், காய்ந்த புல் மாதிரி நிற்கிறது. போலீஸ் வேலையில் தூக்கம் கெடும், உடம்பில் சூடு ஏறும், பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டும். இதெல்லாம் முடிந்த பிறகு அவகாசம் இருந்தால் சொல்லுங்கள், நானே வைத்துவிடுகிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வருமுன் என் தங்கைகள் எல்லோருக்கும் நான்தான் வைப்பேன். நான் தலையில் கை வைத்தால் அப்படியே தூங்கிப்போவார்கள்.

என் பெயர் ரத்தினம்மாள். இங்கே ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ் போகிற கடைசி ஊருக்கு இன்னும் மேலே, நடந்து போகிற ஊர் எங்களுடையது. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் மண் பாதையில் எப்படியோ ஏறி வந்துவிடுவார்கள். சாமை போடுகிறோம், புளி உலுக்குகிறோம். பாறையம்மன் கோயிலில் அந்தி விளக்கு ஏற்றுவது என் வேலை. என் மாமியாருக்குப் பிறகு அது எனக்கு வந்தது. யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாகத்தான் வந்தேன். உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்களே சின்னராஜ், அவனை விட்டுவிடுங்கள். அவன் செய்தான் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். அது அவன் செய்ததில்லை.

எழுதுகிற தம்பியிடம் ஒரு வேண்டுகோள். கரடி என்று எழுதியிருக்கிறது, அதை அடித்துவிடச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்கட்டும் என்றுதான் இந்த ஒருமுறை அந்தச் சொல்லைச் சொன்னேன். இனிச் சொல்ல மாட்டேன். எனக்கு அவன் 'அவன்'தான். அம்மனுக்கு ஏற்றிய விளக்கில் மிஞ்சும் எண்ணெய் அவனுக்கு உரியது என்பது எங்கள் ஊர் வழக்கம். அகலை யாரும் துடைக்க மாட்டோம். திரி அணைந்ததும் பின்னாலிருக்கும் புதரிலிருந்து வருவான். முதலில் மூக்கால் ஊதுவான். பிறகு பச்சைக் குழந்தை பாலாடையைச் சப்புவது போல ஒவ்வொரு அகலாக எடுத்து முடிப்பான். நான் கோயில் கதவுக்குள் நின்று பேசிக்கொண்டிருப்பேன். "இன்னா கண்ணு, இன்னைக்கு லேட்டு?" என்று கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பான். கதவு இரும்புக் கம்பிக் கதவு. அது அம்மன் நகைக்காகப் போட்டது.

ஒரு சொட்டு எண்ணெய், ஒரு நல்ல சொல். உலகம் இந்தச் சின்னச் சின்ன அன்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறவள் நான். இதுவரை யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. எறும்புப் புற்றுக்கு நொய் போடாமல் நான் சாப்பிட உட்கார்ந்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் கலசப்பாக்கத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். தூரத்தில் நின்று அவன் விளக்கு நக்குவதைப் பார்த்துவிட்டு, அவனைக் கும்பிடுவதா என்னைக் கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டு பேரையும் சேர்த்துக் கும்பிடுவார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்படுவது பாவம் என்று தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் தினம் விழுந்து கும்பிடுவேன்.

அப்போதுதான் அந்தப் படக்காரர்கள் வந்தார்கள். மலையையும் அருவியையும் படம்பிடிக்கத்தான் அனுமதி வாங்கியிருந்தார்களாம். அது எனக்குத் தெரியாது. டைரக்டர் ஒரு பெண், நிவேதா. பாவாடை சட்டை போட்ட பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருப்பாள். வாய் ஓயாது. என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, "கம்ப்யூட்டர்ல வரைஞ்ச மிருகத்தோட கண்ணுல உயிர் இருக்காதுக்கா. பழக்கின மிருகம் அடிக்குப் பயந்து நடிக்கும். எனக்கு ரெண்டும் வேணாம். காடு எப்படி இருக்குதோ அப்படியே நடிக்கணும்" என்றாள்.

நல்ல எண்ணம்தான். காட்டிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான் சிக்கல். அந்த வேலைக்குத்தான் சின்னராஜ் வந்து சேர்ந்தான். கலசப்பாக்கத்தில் மேளம், பந்தல், சாமியானா பிடித்துத் தருகிறவன். மலையில் எந்த மிருகமும் தன் பேச்சைக் கேட்கும் என்று அவர்களிடம் சொல்லியிருந்தான்.

முதல் நாள் குரங்கு. வேர்க்கடலையை இறைத்து வரவழைத்தான். கடலை தீர்ந்ததும் ஒரு குரங்கு கதாநாயகன் தலையிலிருந்த ஒட்டுமுடியைப் பிடுங்கிக்கொண்டு பலா மரத்தில் ஏறிவிட்டது. கதாநாயகன் வெறும் மண்டையோடு நின்றான். குரங்கு அந்த முடியை மடியில் போட்டு உச்சி வெயில் வரை பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பொறுமை எங்கள் ஊர்ப் பெண்களுக்கே கிடையாது.

அடுத்தது காட்டுப்பன்றி. எங்கிருந்தோ இரண்டு குட்டிகளைக் கோணிப்பையில் கொண்டு வந்தான். கதாநாயகி கையில் கொடுத்துப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். குட்டி வீல் என்று கத்தியது. பிறகு நடந்தது உங்களுக்கே புரியும். மொத்தப் பேரும் வேன் கூரையில் ஏறிவிட்டார்கள். ஏற முடியாத கேமராக்காரருக்கு முழங்கால் விலகிவிட்டது. நான்தான் பத்துப் போட்டுக் கட்டினேன். அவர் வலியோடு சின்னராஜைத் திட்டினார். "இன்னா சார், குட்டி வோணும்னுதான சொன்னீங்க? ஆத்தாளுக்கு யாரு போய் ஷூட்டிங் டைம் சொல்றது?" என்றான் அவன். எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் மூடிக்கொண்டேன். கதாநாயகியின் தாயார் அன்றைக்கே மகளைக் காரில் ஏற்றிக் கீழே கொண்டுபோய்விட்டாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்குக்கு வருகிற அவனை அவர்களுக்குக் காட்டியது நான்தான். யாரும் கேட்கவில்லை. அந்தி நேரத்தில் அவர்களை நடுகல்லுக்குக் கீழேயே நிறுத்திவிட்டு நான் மேலே போய் விளக்கேற்றினேன். எங்கள் ஊருக்கும் கோயிலுக்கும் நடுவில் வீரனுடைய பழைய கல் ஒன்று நிற்கிறது, அதைச் சொல்கிறேன். அவன் வந்தான். அவர்கள் பெரிய லென்ஸ் வைத்துத் தூரத்திலிருந்து எடுத்தார்கள். இறங்கி வந்ததும் நிவேதா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். "அக்கா, அவன் எண்ணெய்க்கு வரல. உங்க அன்புக்காக வர்றான்" என்றாள்.

அம்மா, இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் புருஷன்கூட "எண்ணெச் செலவு" என்றுதான் சொல்லிவிட்டுச் செத்தான். அன்றைக்கு அவளுக்காக அம்மனிடம் தனியாக ஒரு விளக்கு வைத்தேன்.

ஆனால் படத்துக்கு வெளிச்சம் போதவில்லையாம். அவன் வரும்போது இருட்டிவிடுகிறதாம். வெயில் இருக்கும்போதே அவனை வரவழைக்க வேண்டும் என்றார்கள். சின்னராஜ் கடையிலிருந்து எண்ணெய் டின் ஒன்று தூக்கி வந்தான். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டைப் பாறையில் வெல்லத்தைத் தட்டிப் போட்டு எண்ணெயைக் குடம் குடமாக ஊற்றினான். பட்டப் பகலில் அவன் வந்தான். அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாள் சின்னராஜ் டின்னைத் தட்டிய சத்தத்துக்கே வந்தான்.

என் விளக்குகள் அப்படியே இருந்தன. காலையில் போய்ப் பார்த்தால் அகலில் எண்ணெய் அப்படியே நிற்கும், அதில் பூச்சி விழுந்து கிடக்கும். பூச்சிகளை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஏற்றினேன். வெள்ளிக்கிழமை வந்த ஜனங்கள் கொஞ்ச நேரம் கோயில் முன்னால் நின்றார்கள். பிறகு பாறைப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே நன்றாகத் தெரிகிறதாம். பக்கத்து வீட்டு ரஞ்சிதம் குழாயடியில் எல்லோர் முன்னாலும், "இன்னா யக்கா, உன் புள்ள கட்சி மாறிட்டானாமே? சின்னராஜு வூட்டுக்கே குடி போயிடுவான் போலக் கீது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கியும் கொடுத்தேன்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவன் வயிற்றைப் பற்றித்தான் கவலை. டின் எண்ணெய் நல்லதில்லை, சூடு. அதைச் சொல்லத்தான் நிவேதாவிடம் போனேன். அவள் என் தோளில் கை போட்டாள். "சாரிக்கா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அவன் எண்ணெய்க்குத்தான் வர்றான். யார் ஊத்தினாலும் வர்றான் பாருங்க" என்றாள்.

மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, பாவம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கடைசி நாள் ஒரே ஒரு காட்சி மிச்சம் என்றார்கள். கதாநாயகி கோயில் படியில் முதுகு காட்டி உட்கார்ந்து விளக்கேற்றுவாள். அவன் பின்னால் வந்து, அவளுக்குப் பக்கத்திலேயே விளக்கை நக்குவான். அவள் அசையாமல் இருப்பாள். அவ்வளவுதான். கதாநாயகிதான் போய்விட்டாளே. வேறு யாரும் உட்கார மாட்டோம் என்றார்கள். சின்னராஜிடம் சேலை கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னதற்கு, "எனுக்கு பேச்சுதான் கேக்கும் மேடம், பக்கத்துல உக்காந்தா கேக்காது" என்று ஒதுங்கிவிட்டான். "முதுகுதானே தெரியும், நானே உட்கார்றேன்" என்றாள் நிவேதா. நல்ல தைரியம். எனக்கு அவளைப் பிடிக்காமல் போனதே இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். தலை வலிக்கிறது என்றாள், தூங்கி நாளாயிற்றாம். முடியைப் பார்த்தேன், பரட்டை.

"அம்மனுக்கு வெளக்கேத்தப் போற பொண்ணு இப்படியா போவே? உக்காரு, எண்ணெ வச்சிடறேன்" என்றேன்.

"உங்க ஊர்லதான் யாருமே எண்ணெய் வைக்க மாட்டீங்களேக்கா?"

வந்த முதல் நாளே இதைக் கவனித்துக் கேட்டவள் அவள். எங்கள் ஊரில் ஆணும் பெண்ணும் எல்லோருக்கும் காய்ந்த தலை. அன்றைக்கு அது வேண்டுதல் என்று சொல்லியிருந்தேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், படத்தில் நடிக்கிற அத்தனை பேர் தலையையும் சீயக்காய் போட்டுத் தேய்க்க வைத்தாள்.

"அது எங்க வேண்டுதல் கண்ணு. உனக்கு இன்னா வேண்டுதல்? நீ உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். வேண்டுதல் என்று சொன்னது பொய்யில்லை. என் மாமியாருக்கு மாமியார் காலத்தில் புதுப்பெண் ஒருத்தி தலை நிறைய எண்ணெய் தடவி, பூ வைத்து, முதல் விளக்கேற்ற மேலே போனாளாம். அப்போது இருந்த அவனுக்கு அகலுக்கும் தலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதிலிருந்து நடுகல்லுக்கு மேலே எண்ணெய்த் தலையோடு யாரும் போவதில்லை என்று அம்மன் முன்னால் ஊரே சேர்ந்து நேர்ந்துகொண்டது. கீழே இருக்கும்போது வைக்கலாம். ஆனால் எப்போது யார் மேலே போவோம் என்று யாருக்குத் தெரியும்? மெல்ல எல்லோரும் விட்டுவிட்டார்கள். வெளியூர் ஆட்களுக்கு நாங்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் வராது.

எனக்கு அவள் தலை பெரிய வரமாக இருந்தது அம்மா. எத்தனை வருஷம் கழித்து என் விரல்கள் ஒரு தலைக்குள் போகின்றன! நெய் கலந்த நல்லெண்ணெய், கோயில் போத்தலில் இருந்ததுதான். வேறு எண்ணெய்க்கு நான் எங்கே போவேன்? வெதுவெதுப்பாகச் சூடு பண்ணி, உச்சியில் வைத்துத் தட்டி, காதோரம், பிடரி என்று இறக்கினேன். வழக்கமாக வைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். அவள் என் முழங்காலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "எங்கம்மா வச்ச மாதிரியே இருக்குக்கா" என்றாள். எனக்கும் கண் கலங்கியது. நன்றாகச் சீவிப் பின்னலும் போட்டுவிட்டேன். அவள் எழுந்ததும், அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு போ என்றேன். என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

தலைக்கு எண்ணெய் வைப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் படித்தவர்கள்.

அவள் போன பிறகு நான் கோயிலுக்குப் போனேன். வழியில் பாறை ஓரமாக சின்னராஜின் டின் இருந்தது. அதை ஓடைப் பக்கம் கவிழ்த்துவிட்டு நிமிர்த்தி வைத்தேன். அவன் வயிற்றுக்கு ஆகாது என்று முன்பே சொன்னேன் அல்லவா? பாறையில் கிடந்த வெல்லத்தைக் கூட்டித் தள்ளினேன். படியில் இருந்த அகலையெல்லாம் எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். படம்பிடிக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? அவள் ஏற்றுவதற்கு ஓர் அகலில் கற்பூரம் மட்டும் வைத்துக் கொடுத்தேன். கற்பூரம் நன்றாக எரியும், படத்தில் அழகாக இருக்கும். சீக்கிரம் அணைந்தும்விடும்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் அம்மன் பக்கத்தில் நின்றேன். கதவைச் சாத்திக்கொண்டேன், படத்தில் நான் விழக்கூடாது என்று. நிவேதா எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், "நான் கட் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் மூச்சுவிடக் கூடாது. என்ன நடந்தாலும் கேமரா ஓடணும்" என்று.

அவன் வந்தான். முதலில் பாறைக்குப் போனான். அங்கே ஒன்றும் இல்லை. சின்னராஜ் டின்னைத் தூக்கிக் கவிழ்த்தான், சொட்டுகூட விழவில்லை. டின்னையும் சின்னராஜின் முகத்தையும் அவன் மாற்றி மாற்றிப் பார்த்தான். சின்னராஜ் விழித்த விழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு அவன் படிக்கு வந்தான். கற்பூரம் அணைந்திருந்தது. அகலை மோந்தான். காலால் உருட்டினான். ஒன்றும் இல்லை. கோபப்படவில்லை அம்மா, பொறுமையாகத்தான் தேடினான். கோயிலில் அன்றைக்கு இருந்த எண்ணெய் முழுவதும் அவள் தலையில் இருந்தது.

அவள் அசையவில்லை, அதைத்தான் அவள் ஒத்திகை பார்த்திருந்தாள். பின்னலைத்தான் முதலில் மோந்தான். அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன், தோள் குலுங்கியது. பிறகு அவள் கத்தினாள். ஆனால் கட் என்று சொல்லவில்லை. கட் சொல்ல வேண்டியவள் அவள்தான் என்பதால் மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்கள். இது நடிப்பா என்று யோசித்தார்களாம். சின்னராஜ்தான் முதலில் ஓடினான். சமையல்காரரின் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவிக்கொண்டு, கூச்சல் போட்டபடி படியைப் பார்த்து ஓடினான். நான் கை கூப்பிக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்திருக்கலாம் என்கிறீர்களா? இரண்டடி தூரம்தான். திறந்தால் சத்தம் வரும். சத்தம் அவனுக்குப் பிடிக்காது.

அவள் வேலூர் ஆஸ்பத்திரியில் பிழைத்துக் கிடக்கிறாள், அம்மன் புண்ணியம். தலையில் ஒரு பக்கத் தோல் போய்விட்டதாம். காதும் இல்லையாம். அந்தப் பக்கம் இனி முடி முளைக்காது என்றார்களாம். அந்தப் பக்கத்துக்கு இனி எண்ணெய் தேவைப்படாது. குங்குமப் பொட்டலம் ஒன்று கொடுத்தனுப்பினேன்.

நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. அவள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். யார் ஊற்றினாலும் வருவான் என்றாளே. வருவான். ஆனால் யார் பக்கத்தில் வந்தாலும் அவன் அன்பாக இருப்பானா? அது வருஷக்கணக்கில் கதவோரம் நின்று பேசிப் பேசி வளர்த்தது. டின்னில் கிடைக்காது.

பேப்பரில் என்ன போட்டிருக்கிறார்கள் பார்த்தீர்களா? சின்னராஜ் பழக்கியதாகப் போட்டிருக்கிறார்கள். சின்னராஜ் வரவழைத்தானாம். டீக்கடையில் உரக்கப் படித்தார்கள். ரஞ்சிதம் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அதனால்தான் அம்மா பஸ் ஏறினேன். செய்யாத ஒருவன் மேல் பழி விழுவது பாவம். அன்றைக்கு அவனை அந்தப் படிக்கு வரவழைத்தது நான்தான், என் கை எண்ணெய்தான். அதை நன்றாக, பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். என் பெயரையும் போடச் சொல்லுங்கள்.

மறுநாள் அந்தியில் நான் போய் வழக்கம்போல விளக்கேற்றினேன். ஊரே வேண்டாம் என்றது. அவன் வந்தான். ஒவ்வொரு அகலாக நக்கினான். "இன்னா கண்ணு, இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தான். எனக்காக வந்தான் அம்மா. இன்று வரை தினம் வருகிறான். வனத்துறைக்காரர்கள் கூண்டு வைத்திருக்கிறார்கள், அதற்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

என்ன கேட்டீர்கள்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

"இவ்ளோ பாசமா வர்றான்னு சொல்றீங்களே. நீங்க தலைக்கு எண்ணெ வச்சிக்கினு, கதவுக்கு வெளிய, அந்தப் படியில உக்காருவீங்களா?" என்றா?

நானா? படித்தவர்கள் கேட்கிற கேள்வியா இது? எனக்கென்ன பைத்தியமா அம்மா?

அது கரடி.